மேசையை விட்டு எப்போது எழுவது? சீட்டாடுபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ரம்மி ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் ஸ்கூட் விட, அதாவது சேராத கையைக் கவிழ்த்துவிட்டு விலகத் தெரியும். பதின்மூன்று சீட்டையும் எடுத்து விரித்துப் பார்க்கிறோம். ஜோக்கர் ஒன்றுகூட இல்லை, ஒரே ரகத்தில் அடுத்தடுத்த சீட்டு இரண்டுகூடச் சேரவில்லை, படச்சீட்டு மட்டும் ஐந்தாறு கிடக்கிறது. தோற்ற புள்ளி 101-ஐ எட்டியவர் வெளியேற வேண்டிய 101 புள்ளி ஆட்டமாக இருந்தால், கட்டிலிருந்து ஒரு சீட்டும் எடுக்காமல் அப்போதே கவிழ்த்தால் 20 புள்ளியோடு போகும். ஒரு சுற்றாவது ஆடிவிட்டுக் கவிழ்த்தால் மிடில் ஸ்கூட், 40. விடாப்பிடியாக வைத்திருந்து, ஒரிஜினல் (ஜோக்கர் இல்லாமல் ஒரே ரகத்தில் அடுத்தடுத்து அமையும் வரிசை) சேர்வதற்குள் வேறொருவர் ரம்மி அடித்துவிட்டால் ஃபுல், 80. இருபதைக் கொடுத்து எண்பதைத் தவிர்ப்பதுதான் நல்ல ஆட்டம் என்பதில் மேசையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

போக்கரிலும் இதுவே வழக்கம். பரவலாக ஆடப்படும் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் விரிக்கப்படும். ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் நிதானமாக ஆடுகிறவர், வரும் கைகளில் நான்கில் மூன்றையாவது பணம் போடாமலே கவிழ்த்துவிடுவார். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பூட்டும் பொறுமை அது. ஆனால் அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி அந்தப் பொறுமைதான்.

ஒரு கையை இரண்டு நொடியில் கவிழ்க்கத் தெரிந்த அதே மனிதரால், ஓர் இரவைக் கவிழ்த்துவிட்டு எழ முடிவதில்லை. விடிய விடிய உட்கார்ந்துவிடுகிறார். இரண்டுக்கும் தேவைப்படும் முடிவு ஒன்றுதான், சிறிய இழப்பை ஏற்றுக்கொண்டு பெரிய இழப்பைத் தடுப்பது. அப்படியிருக்க ஒன்று கைவருகிறது, மற்றது ஏன் கைவருவதில்லை? இப்போதுதான் ஆடத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும், வீட்டில் ஆடுகிற ஒருவரை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மதுரைப் பக்கம் சீட்டுக்கட்டு விரியாத கல்யாண மண்டபம் குறைவு. முதல் நாள் இரவு பெண்ணழைப்பு முடிந்து பந்தி கலைந்ததும், மாடியில் ஒரு ஜமக்காளம் விரிந்துவிடும். துக்க வீட்டிலும் இரவு விழித்திருப்பதற்காக ஆண்கள் வாசலில் ஆடுவார்கள். மனமகிழ் மன்றங்கள் தனி. இவையெல்லாம் போதாதென்று சில ஆண்டுகள் கைப்பேசியிலும் ஆட்டம் ஓடியது. தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமை சீட்டாடுபவருக்கு நல்லதல்ல. பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி இரவு இரண்டு மணிக்கும் டீ கிடைக்கும், பசித்தால் இட்லியும் கிடைக்கும். எழுந்திருக்கச் சொல்லி ஊர் யாரையும் நெருக்குவதில்லை. சீட்டாட்டத்தில் விசில் ஊதி முடித்துவைக்க நடுவரும் இல்லை. ஆடுகிறவர்தான் தனக்கு நடுவராகவும் இருந்தாக வேண்டும். நள்ளிரவுக்கு மேல் அந்த வேலையை அவரால் சரியாகச் செய்ய முடியாது.

விட்டதைப் பிடிப்பது

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நான் அருகிலிருந்து பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஆறு பேர், 101 புள்ளி, தலைக்கு நூறு ரூபாய். அவர்களில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் நன்றாக ஆடக்கூடியவர். பத்து மணிக்கு அவர் ஆடியதைப் பார்த்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். சேராத கையைத் தயங்காமல் கவிழ்த்தார். எதிரே இருப்பவர் எந்தச் சீட்டை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்று கவனித்து, தன் கையில் இருந்த எட்டையும் ஒன்பதையும் விடாமல் பிடித்துவைத்தார். ஆனாலும் சீட்டு வரவில்லை. அடுத்தடுத்து நான்கு ஆட்டம் போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவர் ஸ்கூட் விடுவதை நிறுத்திவிட்டார். முன்பு பார்த்த மாத்திரத்தில் கவிழ்த்திருக்கக்கூடிய கையை, ஒரே ஒரு ஜோக்கரை நம்பி வைத்துக்கொண்டார். 80 வந்தது. அடுத்த கையிலும் 80 வந்து ஆட்டத்தை விட்டே வெளியேறினார். பிறகு, "தலைக்கு இருநூறு போடுவோம்" என்று அவரே சொன்னார். தோற்றவர்தான் பந்தயத்தை உயர்த்தச் சொல்வார். இது எந்த மேசையிலும் நடக்கும்.

அண்ணன் மகன் வந்து தோளைத் தொட்டான். "சித்தப்பா, மணி ஒன்றரை ஆகிறது. காலையில் ஆறரைக்கு முகூர்த்தம். போதும், எழுந்திருங்கள்."

"இருடா தம்பி. விட்டதைப் பிடித்துவிட்டு வந்துவிடுகிறேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அவர் பணம் சம்பாதிக்க உட்கார்ந்திருக்கவில்லை. பூஜ்யத்துக்குத் திரும்புவதற்காக உட்கார்ந்திருக்கிறார். மனித மனம் பூஜ்யத்தின் மேல் இப்படிப் பைத்தியமாக இருப்பதை டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள். ஆயிரம் ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட, ஆயிரம் ரூபாய் போனால் வரும் வலி பெரியது. அந்த வலியில் இருக்கும்போது, உறுதியான சிறிய இழப்பை ஒப்புக்கொள்வதைவிட, எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று ஆசை காட்டுகிற பெரிய ஆபத்தையே மனம் தேர்ந்தெடுக்கும். குதிரைப் பந்தயத்தில் நாள் முடிய முடிய, ஜெயிக்க வாய்ப்பே குறைந்த குதிரைகளின் மேல் அதிகம் பேர் பணம் கட்டுவதை அவர்கள் இதற்கு எடுத்துக்காட்டினார்கள். காலையிலிருந்து விட்டதை ஒரே ரேஸில் பிடித்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் அது. அமெரிக்கப் பந்தயத் திடலுக்கும் திருமங்கலம் ஜமக்காளத்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை.

சீட்டு எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதை அந்த நேரத்தில் ஏற்றுக்கொள்வது மிகவும் கடினம். "நாலு ஆட்டம் வரவில்லை, இனி வந்துதானே ஆக வேண்டும்" என்று தோன்றும். கலைத்துப் போட்ட கட்டுக்கு முந்தைய ஆட்டம் எப்படித் தெரியும்? 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. பதினைந்தாவது முறைக்குப் பிறகு, இனி சிவப்புதான் என்று ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பணத்தைக் கொட்டி இழந்தார்கள். சக்கரம் ஒவ்வொரு முறையும் புதிதாகவே சுற்றியது.

இன்னொரு கணக்கும் உண்டு. தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால், என்றாவது ஒரு முறை ஜெயித்தே தீருவோம், எல்லாம் திரும்பிவிடும் என்பார்கள். போட்டுப் பாருங்கள். 100, 200, 400, 800, 1,600, 3,200. ஆறு முறை தோற்றால் போனது 6,300 ரூபாய். ஏழாவது முறை 6,400 ரூபாய் கட்ட வேண்டும். ஜெயித்தால் மொத்தத்தில் மிஞ்சுவது 100 ரூபாய். ஆறு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஆறு முறை தலை விழுவதற்குப் பாதிக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது.

மேசை எடுத்துக்கொள்ளும் பங்கு

உறவினர்கள் சேர்ந்து ஆடும்போது ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுக்கிறார். பணம் அந்த ஜமக்காளத்துக்குள்ளேயே சுற்றுகிறது. மன்றத்திலோ இணையத் தளத்திலோ ஆடும்போது அப்படி இல்லை. நடத்துகிறவருக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கு போகும். போக்கரில் இதை ரேக் என்பார்கள். சதவீதம் இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக 10 என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு பேர் தலைக்கு 100 ரூபாய் போட்டால் 600 சேர்கிறது. 60 கழித்து ஜெயித்தவருக்கு 540 கிடைக்கிறது. ஆறு பேரும் ஒரே திறமை உள்ளவர்கள் என்றால், சராசரியாக ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் இழக்கிறார்கள். முப்பது ஆட்டம் ஆடினால் தலைக்கு 300, மேசையிலிருந்து மொத்தம் 1,800 ரூபாய் வெளியே போய்விட்டது. அந்தப் பணத்தை அந்த ஆறு பேரில் யாராலும் இனித் திரும்ப எடுக்க முடியாது, ஏனென்றால் அது மேசையிலேயே இல்லை. விட்டதைப் பிடிக்க இன்னும் பத்து ஆட்டம் என்று உட்காருகிறவர், சராசரிக் கணக்கில் இன்னும் நூறு ரூபாய் பின்னால் போகவே உட்காருகிறார். மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டு ஆடினால் மட்டுமே இந்தப் பங்கைக் கட்டிவிட்டு மீதி பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு, தோற்ற எரிச்சலில், அப்படி ஆட முடியுமா என்பதே கேள்வி.

தோல்வி மட்டும் எழுவதற்குக் காரணமா?

இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். அதனால் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

போக்கரில் சரியாக ஆடியும் தோற்கலாம். கையில் இரண்டு ஏஸ் வருவது 221 கைகளுக்கு ஒரு முறை. அது வந்து, எதிரே இருப்பவரிடம் இரண்டு ராஜா இருந்து, இருவரும் கையில் உள்ள பணம் முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே நிலை 100 முறை வந்தால் ஏறத்தாழ 82 முறை ஏஸ் ஜெயிக்கும், 18 முறை ராஜா ஜெயிக்கும். ஆக, உலகத்தில் உள்ளதிலேயே நல்ல கையை வைத்துக்கொண்டு, பிழையே இல்லாமல் ஆடினாலும், ஐந்தாறு முறைக்கு ஒரு முறை பணம் போகும். அடுத்தடுத்து இரண்டு முறை இப்படிப் போவதும் நடக்கக்கூடியதுதான்.

ஆகவே, "தோற்கிறேன், எழுகிறேன்" என்பது கணக்குப்படி முழுமையான காரணம் ஆகாது. நீங்கள் நிதானமாக ஆடிக்கொண்டிருக்கிறீர்கள், மற்றவர்கள் உங்களைவிடப் பலவீனமாக ஆடுகிறார்கள், பணமும் ஒதுக்கிய எல்லைக்குள் இருக்கிறது என்றால், தோற்றுக்கொண்டிருந்தாலும் தொடரலாம். மாறாக, ஜெயித்துக்கொண்டிருந்தும் உங்கள் ஆட்டம் கெட்டுவிட்டது என்றால் எழுந்துவிட வேண்டும். தொழிலாகவே போக்கர் ஆடும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பார்ப்பது இதைத்தான்: நான் இப்போது எப்படி ஆடிக்கொண்டிருக்கிறேன்?

ஆனால் அவர்கள் தனி ரகம். தோற்ற பிறகும் ஆட்டம் கெடாமல் வைத்திருக்கப் பல ஆண்டுகள் பழகியவர்கள். நமக்குத் தோல்வியும் ஆட்டம் கெடுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். அதனால்தான் இத்தனை ரூபாய் போனால் எழுந்துவிடுவேன் என்ற எல்லை நமக்குத் தேவைப்படுகிறது. அந்த எல்லை அடுத்த கையில் வரப்போகும் சீட்டை மாற்றாது. அந்தக் கையை ஆடப்போகும் மனிதர் கெட்டுப்போவதற்கு முன் அவரை எழுப்பிவிடும்.

ஆட்டம் கெடுவதற்குப் போக்கர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டில்ட். கோபம், ஏமாற்றம், அவமானம், சில நேரம் அளவுக்கு மீறிய உற்சாகம் என ஏதோ ஒன்று தலைக்கு ஏறி, தெரிந்த ஆட்டத்தையே ஆட முடியாமல் போகும் நிலை அது. நமக்குள் இது வந்துவிட்டதை நாமே கண்டுபிடிப்பது கடினம். ஆனால் சில தடயங்கள் வெளியே தெரியும். போன கையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். "அந்த ஏழு மட்டும் வந்திருந்தால்" என்று மூன்றாவது முறை சொல்வீர்கள். முன்பு கவிழ்த்த மாதிரிக் கைகளை இப்போது வைத்துக்கொள்வீர்கள். எதிரே இருப்பவர் இரண்டு சீட்டுக்கு முன்னால் எதைக் கழித்தார் என்று நினைவு இருக்காது. பக்கத்தில் யாராவது சிரித்தால் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். குறிப்பிட்ட ஓர் ஆளிடமிருந்தே பணத்தை எடுக்க வேண்டும் என்ற வெறி வரும். வீட்டிலிருந்து போன் வந்தால், "கிளம்பிவிட்டேன், வண்டியில் வருகிறேன்" என்று பொய் வரும். இந்தப் பொய்தான் எல்லாவற்றிலும் உறுதியான தடயம் என்பது என் கருத்து. எழ வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ரம்மிக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. தோற்ற கையைத் திறந்து பார்த்தால், பல நேரம் ஒரே ஒரு சீட்டுதான் குறைந்திருக்கும். பதின்மூன்றில் பன்னிரண்டு சேர்ந்துவிட்டதே என்று மனம் அதை ஏறக்குறைய வெற்றியாகவே பதிந்துகொள்கிறது. மேசைக் கணக்கில் அது தோல்விதான். ஒரு சீட்டில் தோற்றாலும் ஒன்பது சீட்டில் தோற்றாலும் அந்தக் கையில் ஜெயித்தவர் வேறொருவர்தான்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கு அனுமதிக்கப்படும் அளவு 0.03 சதவீதம்தான். காலை ஆறு மணிக்கு எழுந்த ஒருவருக்கு இரவு பதினொரு மணியோடு 17 மணி நேரம் முடிகிறது. ஒரு சொட்டுக் குடிக்காவிட்டாலும், அதற்கு மேல் ஆடுகிறவர் குடித்துவிட்டு ஆடுகிறவருக்குச் சமம்.

ஜெயிக்கும்போது எழுவது

ஜெயிக்கும்போது வரும் ஆபத்து வேறு வகை. ஆயிரம் ரூபாயோடு உட்கார்ந்து நாலாயிரமாக ஆக்கியவர், அந்த மூவாயிரத்தைத் தன் பணமாகவே நினைப்பதில்லை. "வந்த காசுதானே, போனால் போகட்டும்" என்று தாராளமாக வைத்து ஆடுவார். ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மனப்போக்கையும், பூஜ்யத்துக்குத் திரும்பத் துடிக்கும் மனப்போக்கையும் சேர்த்தே விவரித்தார்கள். பையில் விழுந்த நொடியிலிருந்து அது உங்கள் பணம். மறுநாள் மளிகைக் கடையில் அந்த நோட்டையும் சம்பள நோட்டையும் பிரித்துப் பார்த்து வாங்கப்போவதில்லை.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சங்கடமும் உண்டு. ஜெயித்துவிட்டு எழுந்தால், "காசைக் கட்டிக்கொண்டு ஓடுகிறான் பார்" என்பார்கள். சொல்கிறவர் மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார். அந்தப் பேச்சுக்குப் பயந்தே மறுபடி உட்கார்ந்து, ஜெயித்ததையும் கைக்காசையும் விட்டவர்கள் ஏராளம். இதற்கு ஒரே வழி, உட்காரும்போதே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுவது: "மாமா, பதினொரு மணிக்கு மேல் புது ஆட்டத்தில் உட்கார மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்." பிறகு எழும்போது யாரும் குறை சொல்ல முடியாது.

உட்காருவதற்கு முன்பே

எப்போது எழுவது என்ற முடிவை மேசையில் உட்கார்ந்துகொண்டு எடுக்க முடியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலையில் கிலோ ஆயிரத்துக்கு மல்லிகை எடுத்த வியாபாரி, பத்து மணிக்கு விலை அறுநூறாக விழுந்தால் அறுநூறுக்கே தள்ளிவிடுவார். மாலைக்குள் பூ வாடும் என்பது அவருக்கு வாங்கும்போதே தெரியும். எந்த மணிக்குள் விற்று முடிப்பது என்பதும் மனதில் இருக்கும். ஆயிரம் வந்தால்தான் கொடுப்பேன் என்று அவர் பந்தயம் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஆட்டக்காரரும் அப்படியே, மனம் தெளிவாக இருக்கும் மாலை நேரத்தில் எல்லையைக் குறித்துவிட வேண்டும்.

பணத்தின் எல்லையைப் பையிலேயே வைத்துவிடுவது நல்லது. இரண்டாயிரம் என்றால் இரண்டாயிரத்தை நோட்டாக எடுத்துக்கொண்டு போங்கள். கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி வந்த பிறகு இந்த எல்லை பொருளற்றுப் போய்விட்டது. பை காலியானாலும் வங்கிக் கணக்கு முழுவதும் மேசைக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஆடும் நேரத்தில் கைப்பேசி மனைவியிடமோ தம்பியிடமோ இருக்கட்டும். "கணக்கில் வைத்துக்கொள், காலையில் தருகிறேன்" என்ற பேச்சுக்கு இடமே கொடுக்கக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது, பிறர் சொன்னாலும் ஏற்கக் கூடாது. நோட்டில் எழுதிய கடன் பணமாகத் தெரிவதில்லை; அதனாலேயே அது வேகமாக ஏறும்.

நேரத்தின் எல்லையைக் குறிக்கும்போது ஆட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். 101 புள்ளி ரம்மியில் நடு ஆட்டத்தில் எழ முடியாது. எனவே "பதினொரு மணிக்கு எழுவேன்" என்பதைவிட, "பத்தரைக்கு மேல் புது ஆட்டத்தில் சேர மாட்டேன்" என்பது காப்பாற்றக்கூடிய உறுதி. போக்கரில் எந்தக் கை முடிந்ததும் எழலாம். சுற்றில் கட்டாயப் பணமான பெரிய பிளைண்ட் உங்களிடம் வருவதற்கு முந்தைய கையோடு எழுவது வழக்கம். கெடு முடிந்ததும், "இன்னும் ஒரே ஒரு கை" என்பதற்கு இடம் இல்லை.

போக்கரை ஒழுங்காகக் கற்க விரும்புகிறவர்கள் ஒரு நாளின் எல்லையோடு மொத்த எல்லையும் வைத்துக்கொள்வார்கள். ஒரு மேசையில் உட்காரப் பொதுவாகப் பெரிய பிளைண்டைப் போல நூறு மடங்கு கொண்டுபோவார்கள். அதைப்போல 20 முதல் 30 மடங்கு தனியாக ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது அவர்களிடையே உள்ள நடைமுறை. பெரிய பிளைண்ட் 20 ரூபாய் என்றால் மேசைக்கு 2,000, ஒதுக்க வேண்டியது 40,000 முதல் 60,000 ரூபாய். அது முழுவதும் போனாலும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, நகைக்கடன் வட்டியோ, ஏலச்சீட்டுத் தவணையோ நிற்கக் கூடாது. ஒதுக்கியதில் பாதி போய்விட்டால் இன்னும் சிறிய மேசைக்கு இறங்கிவிட வேண்டும். இப்படி ஒதுக்கி வைக்கப் பணம் இல்லாதவர் பணம் வைத்து ஆடவே வேண்டாம். புளியங்கொட்டை வைத்து ஆடினாலும் ஆட்டத்தின் சுவை குறையாது. குடும்பத்தோடு ஆடும் ரம்மி அப்படித்தான் இத்தனை காலம் வாழ்கிறது.

சட்டம் குறித்த கெடு

தானாக எழ முடியாதவர்களை எழுப்பச் சட்டமும் முயன்று பார்த்தது. 2020 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீட்டாட்ட வழக்கு ஒன்றை விசாரித்த நீதிபதி பி. புகழேந்தி, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ரம்மி போன்ற ஆட்டங்களை முறைப்படுத்த வேண்டிய தேவையை எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு தமிழக அரசு தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இணைய ஆட்டத்தில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தன. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், எனவே அவற்றை முழுமையாகத் தடுக்க முடியாது, நேரம், வயது போன்ற கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பானது.

அதன்படி 2025 பிப்ரவரியில் வந்த விதிகளில் ஒன்று, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடும் தளங்களில் யாரும் நுழையக் கூடாது என்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒரு முறை எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. கெடு வேண்டும், அதை ஆட்டக்காரரின் அந்த நேரத்து மனநிலையிடம் விடக் கூடாது என்ற எண்ணம் இவற்றில் தெரிகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், இணையத்தில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்தது. சட்டத்துக்குப் புறம்பான தளங்களுக்கு யாராவது இணைப்பு அனுப்பினால் தொடாதீர்கள். அங்கே பணம் சிக்கிக்கொண்டால் முறையிட ஓர் இடமும் இருக்காது.

முற்றாக நிறுத்த வேண்டியவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம், எல்லை வைத்தால் அதற்குள் நிற்கக்கூடியவர்களுக்கு. சிலரால் நிற்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு என்று தனி நோயே இருக்கிறது. ஆடத் தொடங்கினால் கட்டுப்படுத்த முடியாமல் போவது, வேலை, குடும்பம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்டம் வந்துவிடுவது, இழப்பும் அவமானமும் வந்த பிறகும் தொடர்வது என்பவைதான் அதன் அடையாளங்கள். ஆட்டத்துக்காக மனைவியின் நகையை அடகு வைத்தவர், கந்துவட்டிக்கு வாங்கியவர், அலுவலகப் பணத்தில் கைவைத்தவர், எத்தனை முறை சத்தியம் செய்தும் மீறியவர் ஆகியோருக்கு, இரண்டாயிரத்தோடு போய் பத்தரைக்கு எழுங்கள் என்ற யோசனை பயன்படாது. அவர்கள் சீட்டையே தொடக் கூடாது. அதற்கு மருத்துவ உதவி வேண்டும். அது மனவலிமைக் குறைவு என்று திட்டுவதால் எதுவும் சரியாவதில்லை.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒருவர் ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே அவரோடு ஓர் ஆள் துணைக்கு இருந்து, அந்த எண்ணை அழைக்க வேண்டும்.

குடும்பத்தார் பெரும்பாலும் செய்வது, நிலத்தையோ நகையையோ விற்று மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்து, "இனி ஆடாதே" என்று கைகூப்புவது. அன்பினால் செய்வதுதான். ஆனால் சிகிச்சை தொடங்குவதற்கு முன் கடன் முழுதும் மறைந்துவிட்டால், அவர் மனதில் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். மறுபடி உட்காரத் தடை இருக்காது. பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடமே நேரில் செலுத்துங்கள். கைப்பேசியில் உள்ள பணம் அனுப்பும் செயலிகளை நீக்கி, சம்பளக் கணக்கைச் சில மாதங்களுக்கு வேறொருவர் பார்த்துக்கொள்ள அவரையே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். முதல் முறை மருத்துவரிடம் போகும்போது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எப்போது வாங்கியது, வட்டி என்ன, அடகில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆடியவர் தன் கையாலேயே எழுதினால் மேலும் நல்லது. விடுபட்ட கடன் ஒன்றிரண்டு இரண்டு நாள் கழித்து நினைவுக்கு வரும், அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.